இடது ஸ்பீக்கர்

தில்லை நகர் கடைக்கு நான் அவரோடு போனது ஹோம் தியேட்டர் வாங்க இல்லை, சண்டை போட. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு யாரும் ஏமாற வேண்டாம்.

என் பெயர் மட்டுவார்குழலி. ஸ்ரீரங்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். என் வீட்டுக்காரர் ராஜ்மோகன் சரக்கு ரயில் ஓட்டுகிறார். எங்கள் வீடு எடமலைப்பட்டி புதூரில். பெண் ரேஷ்மா வேலை கிடைத்து ஓசூருக்குப் போனபிறகு வீட்டில் இருப்பது நானும் ஒரு கருங்கல்லும்தான். போன வருஷம் ஆடி மாதத்திலிருந்து அவர் இப்படி ஆகிவிட்டார். நான் ஏதாவது கேட்டால் சில சமயம் பதில் வரும், பல சமயம் வராது. வேண்டியது கேட்கும், வேண்டாதது கேட்காது. "கேஸ் புக் பண்ணீங்களா?" என்று கேட்டால் டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். "பண்ணலேன்னாவது வாயைத் திறந்து சொல்லுங்களேன்" என்று கத்தினால், "ஏன் இப்ப கத்துற?" என்பார். எனக்கு எப்படி இருக்கும்? வகுப்பில் நான் கேள்வி கேட்டால் கடைசி பெஞ்சுக்காரன்கூட எழுந்து நின்று ஏதாவது உளறுவான்.

போன ஞாயிற்றுக்கிழமை இதற்கு ஒரு முடிவு கட்டினேன். அவர் வழக்கம்போல் சோபாவின் வலது கோடியில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இடது கோடியில் உட்கார்ந்து, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னேன்.

"ஸ்ரீரங்கத்துல ஒரு மாடி போர்ஷன் பார்த்திருக்கேன். ஸ்கூலுக்குப் பக்கம். ஒண்ணாந்தேதி அங்க போயிடலாம்னு இருக்கேன். நான் மட்டும்."

மனிதர் தலையைத் திருப்பவில்லை. டிவியில் யாரோ சிக்ஸர் அடித்தான், இவர் தொடையைத் தட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "மோர் இருக்கா?" என்று கேட்டார்.

மோர்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போகாதே என்று காலில் விழச் சொல்லவில்லை. "ஏன்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், அந்த நிமிஷமே ஸ்ரீரங்கத்து வீட்டுக்காரம்மாவுக்கு போன் போட்டு வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அந்த ஒரு வார்த்தை வருகிறதா என்று ஒன்றாம் தேதி வரை பார்ப்பது, வராவிட்டால் பெட்டியைக் கட்டுவது என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த சில நாளில் அவராக வாயைத் திறந்தார். நான் எதிரே நின்று காபி கொடுத்தபோது, "டிவில பேசறதே புரிய மாட்டேங்குது. ஹோம் தியேட்டர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். நீயும் வரியா?" என்றார். பெண்டாட்டி வீட்டை விட்டுப் போகிறேன் என்கிறாள், இவருக்கு ஸ்பீக்கர் கேட்கிறது! "வரேனே, பேஷா வரேன்" என்றேன்.

கடைக்காரர் சர்ஃபராஸ். முப்பது வயது இருக்கும், ஒல்லியான ஆள், பொறுமைசாலி. அந்தப் பொறுமையை அன்றைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து கரைத்துக் குடித்தோம்.

"ஒரே நீளமா ஒண்ணு டிவிக்குக் கீழ வைப்பாங்களே, அது போதும்" என்று நான் ஆரம்பித்தேன்.

"சவுண்ட்பாரா? அத வாங்கறதுக்கு வாங்காமலே இருக்கலாம்" என்றார் இவர்.

"அப்ப வாங்காமலே இருங்க."

சர்ஃபராஸ் நடுவில் புகுந்தார். "மேடம், சார் சொல்றதுலயும் நியாயம் இருக்குங்க. எல்லாம் ஒரே பெட்டியில வர்ற செட்டு வேற இருக்கு. ஆனா அதுல ஒண்ணு போச்சுன்னா மொத்தமும் போச்சு. கொறஞ்ச செலவுல நல்லா அமையணும்னா, ஸ்பீக்கருக்கெல்லாம் சத்தத்தப் பிரிச்சுக் குடுக்கற ரிசீவர் தனியா, ஸ்பீக்கர் தனியா எடுத்துக்குங்க. ரிசீவர் போன வருஷ மாடல் எடுங்க, விலை எறங்கியிருக்கு, வேலை அதே வேலைதான். முன்னாடி வைக்கிற மூணு ஸ்பீக்கரையும் நல்லதாப் போடுங்க. பின்னாடி ரெண்டும் சின்னதே போதும்."

"முன்னாடி மூணுல சென்டர்தான் எனக்குப் பெரிசா வேணும்" என்றார் இவர். "பேச்சு பூரா அதுலதான வருது?"

"ஆமா சார். டயலாக் எல்லாம் சென்டர்தான்."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "பேச்சு கேக்கணும்னு அவ்வளவு ஆசையா உங்களுக்கு? வீட்டுல ஒருத்தி பேசிப் பேசித் தொண்டை வத்திக் கெடக்கா. அதுக்கு எத்தனாம் நம்பர் ஸ்பீக்கர் வாங்கணும்னு தம்பிகிட்ட கேளுங்க."

சர்ஃபராஸ் குனிந்து மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்தார். இவர் முகம் சிவந்துவிட்டது. "கடையில வந்து மானத்த வாங்காத" என்று பல்லைக் கடித்தார். நான் அவருக்கு வலது பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அங்கே மட்டும் நான் சொன்னது உடனே கேட்டுவிட்டது, பாருங்கள்.

பாட்டு போட்டுக் காட்டியபோது இவர் பண்ணிய அலட்டல் இருக்கிறதே! நேராக உட்கார்ந்து கேட்க மாட்டாராம். எழுந்து, உடம்பைத் திருப்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "ம்ம், இது பரவாயில்ல" என்கிறார். பெரிய சங்கீத வித்வான். "போட்டோவுக்கு நிக்கிறீங்களா?" என்று கேட்டேன். அதற்கும் முறைப்பு.

ஸ்டாண்டு விலையைக் கேட்டபோது மட்டும் நாங்கள் இருவரும் ஒரே கட்சி ஆனோம். ஒரு இரும்புக் குழாயும் மேலே கீழே ஒரு தகடும், அதற்கு ஒரு ஸ்பீக்கர் விலை. சர்ஃபராஸ் நல்ல மனுஷன். "இங்க வாங்காதீங்க சார். உங்க ஏரியாவுல வெல்டிங் பட்டறை இருக்கும், சதுரக் குழாயில அடிக்கச் சொல்லுங்க. உள்ள மணல் ரொப்பிடுங்க, ஆடாது. ஒயரம் மட்டும் முக்கியம். நீங்க உக்காந்தா உங்க காது எந்த மட்டத்துல இருக்கோ அந்த மட்டத்துக்கு ஸ்பீக்கர் வரணும்" என்றார்.

கிளம்பும்போது இவர் அவரிடம் பெருமையடித்தார். "அடுத்த மாசம் எனக்கு மெடிக்கல் தம்பி. அது முடிஞ்சா கூட்ஸ் கெடையாது, பாசஞ்சர் வண்டி." பின்னால் மனிதர்கள் உட்கார்ந்து வரும் வண்டியை ஓட்ட வேண்டும் என்பது வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு இருந்த ஆசை. நிலக்கரியும் சிமெண்டும் இழுத்து இழுத்து அலுத்துப்போயிருந்தார். கல்யாணமான புதிதில் என்னிடம் அதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசியிருக்கிறார். இப்போது கடைக்காரரிடம் சொல்கிறார், என்னிடம் இல்லை. அதற்கும் எனக்கு எரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை சர்ஃபராஸ் தானே வந்து எல்லாவற்றையும் பொருத்தினார். ஸ்டாண்டு பட்டறையிலிருந்து முந்தின நாளே வந்துவிட்டது. இவர் சோபாவில் உட்கார்ந்து என்னை டேப் பிடிக்கச் சொல்லி, தரையிலிருந்து காது வரை அளந்து கொடுத்துச் செய்த ஸ்டாண்டு அது. "நேரா புடி" என்று ஒரு அதட்டல். "நீங்க நேரா உக்காருங்க" என்று நானும் அதட்டினேன். எங்கள் வீட்டில் அந்த வாரம் நடந்ததிலேயே நீண்ட உரையாடல் அதுதான்.

"இப்ப டெஸ்ட் டோன் போடுறேன் சார்" என்றார் சர்ஃபராஸ். "ஒவ்வொரு ஸ்பீக்கரா இரைச்சல் மாதிரி ஒரு சத்தம் வரும். எது எதுல வருதுன்னு பாத்துக்குங்க."

இவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. எஞ்சினில் ஒரு வழக்கம் உண்டு. சிக்னல் தெரிந்ததும் டிரைவர் அது என்ன நிறம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அசிஸ்டன்ட்டும் தன் கண்ணால் பார்த்து அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். இவருக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. பஸ் ஸ்டாப்பில் நின்றால்கூட "ஜங்ஷன் பஸ்" என்பார், நான் "ஜங்ஷன் பஸ்" என்று சொன்னால்தான் ஏறுவார்.

"நான் கண்ண மூடிக்கிட்டுச் சொல்றேன். குழலி, நீ அசிஸ்டன்ட். திருப்பிச் சொல்லு" என்றார்.

"எனக்கு வேற வேலை இல்ல பாருங்க" என்றேன். ஆனாலும் சோபாவில் என் இடத்தில், அவருக்கு இடது பக்கத்தில், உட்கார்ந்தேன். ஏதாவது தப்பாகச் சொன்னால் பிடித்துக்கொள்ளலாமே என்ற நல்லெண்ணம்தான்.

முதலில் டிவிக்குக் கீழே இருந்த பெரிய ஸ்பீக்கர் தனக்கே உரிய கனத்த குரலில் "உஸ்ஸ்ஸ்" என்றது.

"சென்டர்" என்றார்.

"சென்டர்" என்றேன்.

அடுத்து வலது பக்கம். "ரைட்" என்றார். "ரைட்" என்றேன். அடுத்த சத்தம் என் பக்கத்து ஸ்டாண்டிலிருந்து வந்தது, எனக்கு நேரே, காதில் அடிக்கிற மாதிரி.

"ரைட்" என்றார்.

"லெஃப்ட்" என்றேன்.

கண்ணைத் திறந்தார். "ஏய், ஒழுங்காக் கேட்டுச் சொல்லு. ரைட்."

"நான் ஒழுங்காத்தான் கேக்கறேன். லெஃப்ட்."

"எதுக்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு! ரைட்லதான் வருது. தம்பி, ஒயர மாத்திப் போட்டுட்ட. லெஃப்ட்ல வர வேண்டியதும் ரைட்லதான் வருது."

சர்ஃபராஸ் ரிசீவரின் பின்னால் எட்டிப் பார்த்தார். "சரியாத்தான் சார் இருக்கு. இப்ப பாடுறது லெஃப்ட்டு."

"என்னய்யா சரியா இருக்கு? லெஃப்ட் ஸ்பீக்கர் செத்துக் கெடக்கு. பழைய சரக்க என் தலையில கட்டப் பாக்கறியா? சும்மாவா ரிசீவர் விலை எறங்கியிருக்குன்ன? எனக்கு அப்பவே தெரியும்."

"அல்லா மேல ஆணையா புது பீஸு சார். பெட்டிய உங்க முன்னாடிதான பிரிச்சேன்."

"திருட்டுப் பயலுங்க எல்லாருமே இப்படித்தான் ஆணை வைப்பீங்க."

சர்ஃபராஸின் முகம் மாறியது. அவ்வளவு நேரம் தாங்கிய பொறுமைக்காரர், "இன்னொரு தடவை கண்ண மூடுங்க சார்" என்றார். இவர் மூடியதும் போய், வலது ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கினார். பிடுங்கியதை ரிமோட் இருந்த கையிலேயே பிடித்துக்கொண்டு, சோபாவுக்குப் பின்னால் வந்து நின்று பட்டனை அமுக்கினார்.

"கண்ண மூடிக்கிட்டே சொல்லுங்க சார். எதுல வருது?"

"உஸ்ஸ்ஸ்" என்றது இடது ஸ்பீக்கர்.

"ரைட்" என்றார் இவர், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கொஞ்சமும் சந்தேகமில்லாமல்.

நான் திருப்பிச் சொல்லவில்லை. ஒயர் சர்ஃபராஸின் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எனக்குப் புரிந்த அதே நொடியில் அவருக்கும் புரிந்துவிட்டது. கடையில் இவர் உடம்பைத் திருப்பிக்கொண்டு நின்றது, எதிரில் நின்றால் பதில் சொல்வதும் பக்கத்தில் உட்கார்ந்தால் சொல்லாததும், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது.

"சொல்லு குழலி" என்று அதட்டினார்.

சர்ஃபராஸ் முந்திக்கொண்டார். "சார் சொல்றதுதான் சரி. ஒயர்ல எங்கயோ லூஸ் இருக்கும்போல. நான் நாளைக்கு வேற ஒயர் கொண்டாந்து பாக்குறேன்." சத்தமில்லாமல் ஒயரை மாட்டினார், பையை எடுத்துக்கொண்டார். வாசலில் நான் அவரிடம், "தம்பி, மன்னிச்சுக்குங்க" என்றேன். "இருக்கட்டும் மேடம். சாரக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். திருடன் என்று பேர் வாங்கிய ஆள் அந்தப் பழியையும் தலையில் போட்டுக்கொண்டு போனார்.

நான் திரும்பி வந்து அவருக்கு நேர் எதிரே நின்றேன்.

"வலது ஸ்பீக்கர் ஒயர் அந்தப் புள்ள கையில இருந்துச்சு. நீங்க ரைட்டுன்னீங்க."

அவர் வலது ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார்.

"இடது காது கேக்கலையா?"

"மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுல கேக்கும்."

"எத்தனை நாளா?"

"போன வருஷம் ஆடியில. திண்டுக்கல்லேர்ந்து வண்டியக் கொண்டாந்து விட்டுட்டு வந்து படுத்தேன். எழுந்தா அடைச்சிருந்துச்சு. சளின்னு நெனச்சு சொட்டு மருந்து விட்டேன். அப்புறம் தெறக்கவே இல்ல."

"டாக்டர்?"

"போனா எழுதிடுவாங்க. எழுதினா எஞ்சின்லேர்ந்து எறக்கிடுவாங்க." ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். "எஞ்சின்ல எனக்கு இடது பக்க சீட்டுதான். அசிஸ்டன்ட் வலது பக்கம். அவன் சொல்றது நல்லாவே கேக்குது. இந்த ஒரு மெடிக்கல்ல எப்படியாவது சமாளிச்சுட்டா..."

பாவம் என்றா நினைத்தேன்? இல்லை. எனக்கு வந்தது கோபம், அதுவரை வந்ததிலேயே பெரிய கோபம். ஒரு வருஷத்துக்கு மேல் என்னைச் சுவரோடு பேச விட்டிருக்கிறார். சோபாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மாறி உட்கார்ந்திருந்தால் போதும், நான் பேசியது கேட்டிருக்கும். ஏன் இடம் மாறினீர்கள் என்று நான் கேட்டுவிடுவேனோ என்று அதைக்கூடச் செய்யவில்லை. பெண்டாட்டி தன்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, எஞ்சின் போகக்கூடாது.

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"உன்கிட்டயா? சொன்னா நீ சும்மா இருப்பியா? போய்ச் சொல்லு, போய்ச் சொல்லுன்னு உயிர எடுத்துடுவ."

அது உண்மைதான். அதனால் இன்னும் ஆத்திரம் வந்தது. "போன ஞாயித்துக்கிழமை கிரிக்கெட் பாக்கறப்ப நான் ஒண்ணு சொன்னேனே. அது கேட்டுச்சா?"

"என்ன சொன்ன?"

"ஸ்ரீரங்கத்துல வீடு பார்த்துட்டேன், ஒண்ணாந்தேதி தனியாப் போறேன்னு சொன்னேன். நீங்க மோர் கேட்டீங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தார். ஒரு வாரமாக நான் காத்திருந்த அந்த ஒரு வார்த்தையை இப்போதாவது கேட்பார் என்று நின்றேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயந்துகொண்டே நின்றேன்.

நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"போறதுன்னா போ குழலி. நான் தடுக்கல. இத மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாத."

இருபத்துமூன்று வருஷம் இந்த ஆளுக்கு ராத்திரி வண்டிக்கும் விடிகாலை வண்டிக்கும் சோறு கட்டிக் கொடுத்திருக்கிறேன். போய்ச் சோபாவில் என் இடத்தில் உட்கார்ந்தேன். ரிசீவர் இன்னும் அணைக்காமல் கிடந்தது, இடது ஸ்பீக்கரில் அந்தப் பாழாய்ப்போன இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த மாதம் இவர் பின்னால் பெட்டி பெட்டியாக ஜனங்கள் ஏறி உட்காரப் போகிறார்கள். மதுரைக்குப் பரீட்சை எழுதப் போகிறவர்கள், பிரசவத்துக்குப் போகிறவள், என் பள்ளிப் பிள்ளைகள். ஆபத்து என்று தண்டவாளத்தில் யாராவது கத்திக்கொண்டு ஓடி வந்தால், எந்தப் பக்கத்திலிருந்து என்று இந்த மனுஷனுக்குத் தெரியாது. அந்த வண்டி கவிழ்ந்தால் முதலில் சாகப்போவது எஞ்சினில் இருக்கிற இவர்.

வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்ல என் பக்கம் தலையைத் திருப்பினார்.

"என்ன சொன்ன?"

எழுந்தேன். சோபாவைச் சுற்றிக்கொண்டு போய், கைப்பிடியில் இடித்துக்கொண்டு, அவருடைய வலது பக்கத்தில் நெருங்கி நின்றேன்.

"நான் எங்கயும் போகல. நாளைக்குக் காலைல ரயில்வே ஆஸ்பத்திரிக்கு உங்ககூட வரேன். டாக்டர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

கேட்டுவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. காதைப் பொத்திக்கொண்டார், வலது காதை.